மனப்பாடமான ‘நான்’

“அண்ணா, இதுல ‘என்’னு வருதே. எனக்கு அப்படித் தோணலைன்னா சொல்லலாமா?”

கேட்டவனுக்குப் பன்னிரண்டு வயது. அப்பா இறந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. வேலூர்ப் பக்கம் ஒரு சிறிய சபையில் சண்டே ஸ்கூல் எடுத்துக்கொண்டிருந்தேன். மனப்பாடப் போட்டிக்காக எங்கள் ஆயர் ஹைடல்பர்க் வினாவிடையின் சில கேள்விகளைத் தமிழாக்கி நகலெடுத்துக் கொடுத்திருந்தார். முதல் கேள்வியிலேயே பையன் நின்றுவிட்டான். “சும்மா சொல்லுடா, நம்பிக்கை பின்னால வரும்” என்றேன். அவன் ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் சொன்னான். முதல் பரிசாக ஒரு டிபன் பாக்ஸ் வாங்கிக்கொண்டு போனான்.

அன்றிலிருந்து அவன் கேள்வி என்னை விடவில்லை. நம்பாத ஒன்றை ‘நான்’ என்று தொடங்கிச் சொல்வது பொய்யா? பொய் என்றால் அதைச் சொல்லவைத்தவன் யார்?

முதலில் அந்தப் புத்தகத்தைப் பற்றி. 1563இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் வெளிவந்தது. பலாட்டினேட்டின் ஆட்சியாளர் மூன்றாம் பிரடெரிக், தன் நாட்டில் லூத்தர் வழியினரும் கால்வின் வழியினரும் திருவிருந்தைப் பற்றி அடித்துக்கொள்வதைப் பார்த்துச் சலித்து, பள்ளிக்கும் சபைக்கும் பொதுவான ஒரு பாடநூல் வேண்டும் என்றார். முக்கிய ஆசிரியர் சகரியாஸ் உர்சினுஸ், அப்போது 28 வயது. கஸ்பார் ஒலிவியானுஸுக்கும் அதில் கையுண்டு என்பது மரபு, அவருக்கு 26. மொத்தம் 129 கேள்விகள். வருடத்தின் 52 ஞாயிறுகளுக்கும் பகுத்துக் கொடுத்திருப்பதால் ஒரு சுற்று முடிந்ததும் மறுபடி முதல் கேள்வியில் தொடங்கலாம். மனிதனின் துயரம், மீட்பு, நன்றி என்று மூன்று பகுதிகள். உலகெங்கும் சீர்திருத்த சபைகள் இன்றும் இதைப் படிக்கின்றன.

எங்களுக்கும் அதற்கும் தூரத்துச் சொந்தம் உண்டு. ஆற்காடு மிஷனை 1853இல் தொடங்கிய அமெரிக்கச் சீர்திருத்த சபை, டச்சு வழியில் இந்த வினாவிடையைக் கையில் வைத்திருந்த சபை. பிறகு 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபை, 1947இல் தென்னிந்தியத் திருச்சபை என்று எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டது. பெயர் போனாலும் மனப்பாடம் செய்யும் பழக்கம் போகவில்லை.

வினாவிடை என்றாலே கடவுள் யார், உலகைப் படைத்தது யார் என்று தொடங்கும் என்றுதான் நினைப்போம். இது அப்படித் தொடங்குவதில்லை. வாழ்விலும் சாவிலும் உன்னைத் தாங்குவது எது என்று நேராக உன்னைப் பார்த்துக் கேட்கிறது. பதிலும் தன்மையில்தான் வருகிறது. தாங்குகிற பலம் என்னிடம் இல்லை, என்னைத் தனக்கென்று பிடித்திருப்பவரிடம் இருக்கிறது என்பது அதன் சாரம். அதனால்தான் பையன் அங்கே நின்றான். ‘கடவுள் உலகைப் படைத்தார்’ என்பதை ஒரு செய்தியாக ஒப்பித்துவிடலாம். ‘எனக்கு ஆறுதல் இருக்கிறது’ என்பதை யார் சார்பிலும் ஒப்பிக்க முடியாது.

ஒலிவியானுஸின் வாழ்க்கையில் ஒரு சம்பவம் உண்டு. 1556இல் பிரான்சின் பூர்ஜ் நகரில் மாணவராக இருந்தபோது, ஆற்றில் படகு கவிழ்ந்து நண்பர்கள் தத்தளித்தார்கள். காப்பாற்றப் பாய்ந்தவர் தானே மூழ்கும் நிலைக்குப் போனார். பிழைத்தால் ஊழியம் செய்வேன் என்று அப்போது பொருத்தனை செய்துகொண்டார். செத்தவர்களில் ஒருவன் ஹெர்மன் லூத்விக், பின்னாளில் இந்த வினாவிடையை எழுதச் சொன்ன அதே பிரடெரிக்கின் மகன். பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் சொல்லி, அந்த ஆற்றிலிருந்து மீண்டவரும் கைகொடுத்து உருவான நூல், சாவில் எது உன்னைத் தாங்கும் என்று தொடங்குகிறது. அந்த மரணத்தால்தான் அந்தக் கேள்வி வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது அவர்களுக்குப் பரீட்சைக் கேள்வியாக இருந்திருக்காது. நான் அதைத் தகப்பனை இழந்த ஒரு பையனிடம் பரீட்சைக் கேள்வியாகக் கேட்டேன்.

அப்படியானால் மனப்பாடமே தப்பா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எந்தக் குழந்தையும் புரிந்துகொண்ட பிறகு ‘அம்மா’ என்று சொல்வதில்லை. சொல் முதலில் வாயில் விழுகிறது, பொருள் பிறகுதான் வந்து சேர்கிறது. நன்றி, மன்னிப்பு எல்லாம் அப்படித்தான். “சாரி சொல்லு” என்று அம்மா அதட்டும்போது வருத்தம் இருப்பதில்லை. உண்மையாகவே வருத்தப்படும் ஒருநாள் அந்தச் சொல் தயாராக நிற்கிறது. நான் பையனிடம் சொன்னதும் இந்த நியாயம்தான். அதில் எங்கே கோளாறு?

யாழ்ப்பாணத்தின் வரலாற்றில் எனக்கு விடை கிடைத்தது. டச்சுக்காரர்கள் 1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தார்கள். பிலிப்பஸ் பால்டேயஸ் என்ற சீர்திருத்தப் போதகர் வந்தார். பழைய கத்தோலிக்கக் கோயில்களில் ஊருக்கு ஊர் பள்ளிகள் நடந்தன. பிள்ளைகள் வினாவிடை ஒப்பித்தார்கள், வராவிட்டால் அபராதம். ஞானஸ்நானமும் திருமணமும் பள்ளித் தோம்பு என்ற பதிவேட்டில் ஏறின. சொத்துரிமை கேட்டால் அந்தத் தோம்புதான் சாட்சி. ஆக, சரியான விடை சொன்னவனுக்குக் காணி நிலைத்தது. அதே ஊர்களில் ஜோசப் வாஸ் என்ற கோவாப் பாதிரியார் 1687இல் ரகசியமாக வந்து இறங்கியபோது அவரை ஒளித்து வைத்துக் காப்பாற்ற ஆட்கள் இருந்தார்கள். 1795இல் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியதும் பதிவேட்டுக் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் சைவத்துக்கும் கத்தோலிக்கத்துக்கும் போய்விட்டார்கள். நூற்று முப்பத்தேழு வருட மனப்பாடத்தில் மிஞ்சியது கொஞ்சம்தான்.

அவர்களைப் பொய்யர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு சொல்லைச் சொல்ல மறுக்கும் வழி அடைபட்டிருக்கும்போது, அதைச் சொல்வதற்கு அர்த்தமில்லை. அது நம்பிக்கையுமில்லை, பொய்யுமில்லை. நிலவரி கட்டுவது மாதிரி ஒரு காரியம். பொய் என்று ஒன்று இருந்தால் அது கேட்டவன் பக்கம்தான் இருக்கிறது. விடை தெரியவேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் கேட்ட கேள்வி அது.

குற்றம் வினாவிடை என்ற வடிவத்தில் இல்லை என்பதற்கும் யாழ்ப்பாணமே சாட்சி. மிஷன் பள்ளியில் படித்து, பெர்சிவல் பாதிரியாரோடு பைபிள் மொழிபெயர்ப்பில் வேலை செய்த ஆறுமுக நாவலர், அங்கிருந்து விலகிச் சைவப் பள்ளி தொடங்கினார். மிஷனரிகளை எதிர்த்து எழுதியவர், பிள்ளைகளுக்கு எழுதிய நூலின் பெயர் ‘சைவ வினாவிடை’. எதிராளியின் கையிலிருந்த கருவி நல்ல கருவி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கேள்வி கேட்டு விடை கொடுப்பது எல்லோருக்கும் பொதுவான வழி. பிள்ளைக்கு மூத்தோர் சொல்லைக் கையில் கொடுத்து அனுப்புகிற வழி.

கொடுப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கொடுத்ததைப் பிள்ளை ஒருநாள் திருப்பித் தரவும் இடம் வேண்டும். சபைகளே அப்படிச் செய்திருக்கின்றன. ஹைடல்பர்க்கின் 80ஆம் கேள்வி முதல் பதிப்பில் இல்லை, பிறகு சேர்த்தது. கத்தோலிக்கப் பூசையைக் கடுமையாகச் சபிக்கும் விடை அது. பக்கத்து வீட்டுக்காரனின் வழிபாட்டைத் திட்டும் வாக்கியத்தைப் பல தலைமுறைப் பிள்ளைகள் ஒப்பித்தார்கள். வட அமெரிக்காவின் கிறிஸ்தவ சீர்திருத்த சபை நெடுநாள் விவாதித்து 2006இல் அதன் கடும் பகுதிகளை அடைப்புக்குறிக்குள் போட்டது. புத்தகத்தைத் தூக்கி எறியவில்லை, இதை இனி எங்கள் குரலில் சொல்ல மாட்டோம் என்றது. ஒரு சபைக்கு இருக்கும் அந்த உரிமை பன்னிரண்டு வயதுப் பையனுக்கு இல்லையா?

நான் செய்த தப்பு இப்போது தெரிகிறது. விடையைக் கற்றுக்கொடுத்தது தப்பில்லை. “சொல்லலாமா?” என்று அவன் கேட்டது, அந்த வினாவிடைக்கு அந்த வகுப்பில் கிடைத்த ஒரே நேர்மையான பதில். அந்தச் சொல்லை மதித்ததால்தான் தயங்கினான். அந்தத் தயக்கத்துக்கு நான் ஒரு டிபன் பாக்ஸை விலையாக வைத்தேன். பரிசு சின்னதுதான், தோம்பு செய்த வேலையைத்தான் அதுவும் செய்தது.

இரண்டு வாரம் கழித்து அவனைத் தனியாகக் கூப்பிட்டு, “அன்னிக்கு நீ கேட்டதுக்கு நான் சரியா பதில் சொல்லல. தோணலைன்னா சொல்ல வேணாம். தெரிஞ்சு வச்சுக்கோ, போதும்” என்றேன். அவன் தலையாட்டினான். கிளம்பப் போனவன் திரும்பி நின்று கேட்டான்.

“நீங்க சொல்லுங்கண்ணா. உங்களுக்குத் தோணுதா?”

வினாவிடையில் கேட்பவன் ஒருபோதும் பதில் சொல்வதில்லை. அதுவரை எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. முழு விடையும் எனக்கு மனப்பாடம். “சில நாள் தோணும்டா” என்று மட்டும்தான் வாயில் வந்தது.

அவன் அதை ஏற்றுக்கொண்ட மாதிரி இருந்தது. அடுத்த ஞாயிறும் வகுப்புக்கு வந்தான்.