கம்பி அறுந்தது கடவுள் செயலா?

மாலை விளக்கேற்றும் வேளையில் மஸ்ஜித் இந்தியா வீதிவழியே நடப்போர்க்கு இரவு வந்ததே தெரியாது. துணிக்கடையிலும் பூக்கடையிலும் நகைக்கடையிலும் பகலை வெட்கப்படுத்தும் ஒளி. இவ்வொளி எங்கிருந்து வருகிறதென்று கேட்போர் நம்மில் அரியர். அது தொலைவிலுள்ள அணைகளிலும் அனல் நிலையங்களிலும் பிறந்து, செம்பனைக் காடுகளின் மேலும் காய்கறிப் பாத்திகளின் மேலும் கம்பிவழி ஓடிவந்து நம் கடைத்தெருவில் ஒளிர்கிறது. வரும் வழியில் ஒரு நாள் அக்கம்பி அறுந்து ஒருவன் பயிரைப் பொசுக்குமாயின், அல்லது அவன் மாட்டைக் கொல்லுமாயின், அந்நஷ்டம் யாரைச் சேர்ந்தது? வக்கீல்களிடம் விட்டுவிடத்தக்க சில்லறை விஷயம் இதுவென்று வாசகர் எண்ணலாகாது. நம் மனத்தில் ஊறிக் கிடக்கும் பழைய நோயொன்றை இக்கேள்வி வெளிப்படுத்துகிறது.

அந்நோய் விதி நம்பிக்கை. 2024 ஆம் ஆண்டு ஆகஸ்டு 23 இல் இதே வீதியின் நடைபாதை திடீரென உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்து வழிநடந்த ஒரு பெண்மணியை விழுங்கிற்று. உடல்கூடக் கிடைக்கவில்லை. பின்வந்த நாட்களில் இங்கு நின்று பேசினோர் வாயினின்று நாம் கேட்ட சொல் 'தலைவிதி' என்பது. வீதி அமைத்தவன் மனிதன், அதன்மேல் கல் பாவியவன் மனிதன். பள்ளம் விழுந்தால் மட்டும் எழுதியவன் பிரமனாம்! தலைக்கு மேல் தொங்கும் கம்பியைப் பற்றியும் நம் ஜனங்கள் இப்படியே பேசுகின்றனர். காற்றடித்தது, கம்பி விழுந்தது, நம் காலம் சரியில்லை என்று சொல்லி, கருகிய வாழையை வெட்டிப் போட்டுவிட்டு வீடு திரும்புகின்றனர்.

நம்மவரை மட்டும் குறை கூறுதல் நியாயமன்று. ஆங்கிலேயர் சட்டத்திலும் 'கடவுள் செயல்' என்றொரு வாசகம் உண்டு. நிலச்சொந்தக்காரர் ஒருவர் அழகுக்காகத் தேக்கிவைத்த செயற்கைக் குளங்கள் பெருமழையில் உடைந்து நான்கு பாலங்களைக் கொண்டு போயின. 1876 இல் நீதிமன்றம், மழை கடவுள் செயல் என்று சொல்லி அவரை விடுவித்தது. ஆனால் 1917 இல் ஸ்காட்லாந்தின் கிரீனாக் நகரசபையார் வழக்கில் பிரபுக்கள் சபை வேறு வழி சென்றது. ஓடையின் போக்கை மாற்றிப் பிள்ளைகள் விளையாடக் குளம் கட்டினர் நகரசபையார். பெருமழையில் நீர் திசைமாறி ரயில்வே உடைமையைக் கெடுத்தது. இயற்கை வழியை மாற்றினவர் மழைமேல் பழி போடலாகாதென்று தீர்ப்பாயிற்று. நாற்பதாண்டில் சட்டத்துக்குப் பகுத்தறிவு வந்தது. நமக்கு இன்னும் வந்தபாடில்லை!

காற்றின்மேல் பழி போடுவோர் கலிபோர்னியாவில் 2018 நவம்பர் 8 ஆம் நாள் நடந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். அன்று பலத்த காற்றுத்தான். மலைமீதிருந்த கோபுரத்தில் மின்கம்பியைத் தாங்கிய இரும்புக் கொக்கி முறிந்தது. பொறி உதிர்ந்து காடு பற்றி, பாரடைஸ் எனும் ஊர் சாம்பலாயிற்று. 85 பேர் மாண்டனர். கொக்கியை எடுத்துப் பார்த்தபோது, அது ஏறக்குறைய நூறாண்டு ஊசலாடித் தேய்ந்த பண்டம் என்று தெரிந்தது. 1919 இல் வாங்கியபோது அதன் விலை 56 அமெரிக்க சென். காற்று கடவுளுடையதாகவே இருக்கட்டும், கொக்கி யாருடையது? பசிபிக் காஸ் அண்டு எலக்ட்ரிக் கம்பெனி 2020 இல் 84 பேருடைய சாவுக்குத் தன் குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. கம்பெனிக்கு உடலில்லையாதலால் சிறைக்குப் போவாரில்லை; அபராதத்தோடு முடிந்தது.

இது எளிய வழக்கு, அசட்டை கண்கூடு. கடினமான வழக்கு வேறொன்று. கம்பி புதியது, சோதித்தவன் நேர்மையானவன், மரக்கிளைகளும் வெட்டப்பட்டிருந்தன, ஆயினும் அறுந்தது. ஒருவர் மீதும் குற்றமில்லை. குற்றமில்லாவிடத்துக் கடனும் இல்லை என்று மின்சார நிலையத்தார் சொல்வாராயின் நாம் யாது விடை கூறுவது?

முதலாவது, குற்றமுண்டா இல்லையா என்பதைக் குடியானவன் எங்ஙனம் காட்டுவான்? கம்பியின் வயதும், கடைசியாகச் சோதித்த தேதியும், அன்று ஓடிய மின்சாரத்தின் அளவும் நிலையத்தாருடைய புத்தகங்களில் உள்ளன. வறண்ட மண்ணில் விழுந்த கம்பி வழியே கசியும் மின்சாரம் சிறிதாதலின், காவற்கருவி அதனை உணராது போவதுமுண்டு. கம்பி உயிரோடு கிடக்கும். இஃது எஞ்சினியர்களுக்குப் புதிய செய்தியன்று. புல்லறுக்கப் போகும் கிழவிக்கோ அது தெரியாது.

இரண்டாவது, குற்றமில்லாமலும் கடன் உண்டாகும். லங்காஷயரில் ரைலண்ட்ஸ் என்னும் ஆலைக்காரர் 1860 இல் நீர்த்தேக்கம் ஒன்று கட்டுவித்தார். அடியிலே கைவிடப்பட்ட பழஞ்சுரங்கக் குழிகள் இருந்தது அவர் அறியார். நீர் அவ்வழியே இறங்கி, பிளெட்சர் என்பாரது நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. தம் பயனுக்காக அபாயமான பொருளைக் கொண்டுவந்து சேர்த்தவர், அது தப்பிச் சென்று செய்யும் கேட்டுக்குப் பொறுப்பாவார் என்று 1868 இல் முடிவாயிற்று. இந்த நியாயத்தையே இந்திய உச்ச நீதிமன்றம் 2002 இல் மத்தியப் பிரதேச மின்வாரியத்தின் மீதும் செலுத்திற்று. தொழிலாளி ஒருவர் இரவில் சைக்கிளில் வீடு திரும்புகையில், மழைநீர் தேங்கிய சாலையில் கிடந்த உயிர்க்கம்பி பட்டு இறந்தார். யாரோ மின்சாரம் திருடக் கொக்கி போட்ட கம்பி அதுவென்று வாரியம் வாதித்தது. அபாயப் பொருளை ஊரெங்கும் அனுப்புகிறவர் அந்தச் சாக்கைச் சொல்லித் தப்ப முடியாதென்று நீதிபதிகள் கூறினர்.

ஆயினும் இங்கிலாந்திலே 1964 இல் வாயு நிலையம் ஒன்றின் வழக்கில் எதிர்த்தீர்ப்பும் உண்டு. சட்டத்தின் கட்டளைப்படி பொதுநன்மைக்கு உழைக்கும் நிலையம், அசட்டை காட்டப்பட்டாலன்றிப் பொறுப்பாகாது என்பது அதன் சாரம். நம் கருத்து மாறுபடும் இடம் இதுதான். பொதுநன்மை என்ற சொல்லைக் கேட்டவுடன் நாம் கைகூப்பிவிடுகிறோம். நன்மை பொதுவாயின் நஷ்டமும் பொதுவாக வேண்டாமோ? பத்து லட்சம் வீடுகள் விளக்கெரிக்க, ஒரு குடும்பம் மட்டும் தன் பயிரைக் காணிக்கை செலுத்த வேண்டுமென்பது, கோவிலிலே ஊர்நன்மைக்கென்று ஒற்றை ஆட்டை வெட்டுகிற வழக்கத்தினும் எவ்வகையில் உயர்ந்தது?

நஷ்டஈடு கொடுத்தால் மின்சாரக் கட்டணம் உயரும், ஏழையும் அதைச் சுமப்பான் என்பர். உயரட்டும். ஆளுக்கொரு சென் கூடுவது வேறு, ஒருவன் அடுப்பு அணைவது வேறு. கட்டணத்துக்கு அஞ்சி அந்த ஒருவன் தலையில் முழுப் பாரத்தையும் இறக்கி வைப்பது, அவனிடம் நாம் மறைமுகமாக வரி வசூலிப்பதேயாகும்.

இந்நாட்டில் மின்சாரம் முதன்முதல் வந்தது 1894 இல், ரவாங் ஈயச் சுரங்கத்திற்கு. அதைக் கொணர்ந்தோர் லோக் இயூவும், நம்மவரான தம்புசாமிப் பிள்ளையும். அப்பெருமையை நாம் மேடைதோறும் பேசுகிறோம். ஆனால் தோட்ட லயங்கள் பலவற்றில் நாடு விடுதலையடைந்து ஆண்டுகள் பல கழிந்த பின்னும் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. பட்டணத்துக்கு ஓடும் கம்பி கூரைக்கு மேலே போயிற்று. வெளிச்சம் கீழே இறங்கவில்லை. அபாயம் மட்டும் கீழிருந்தவர்க்கு உரியதாயிருந்தது.

எவ்வளவு கொடுப்பது என்பதும் ஒரு தர்மப் பிரச்சினையே. நெல்லும் கீரையும் ஒரு பருவத்தில் மீளும். ரப்பர்க் கன்று பாலுக்கு வர ஆறேழு ஆண்டாகும். செம்பனை காய்க்க மூன்றாண்டாகிலும் ஆகும். எரிந்த கரும்பை விரைவில் ஆலைக்கு அனுப்பாவிடில் சர்க்கரை குன்றிவிடும். எரிந்த மரத்துக்கு அவ்வாண்டு விளைவை மட்டும் கணக்கிட்டுக் கொடுப்போர், மரத்தின் விலையைக் கொடுக்கிறார்களேயன்றி அதை வளர்த்தவனுடைய ஆண்டுகளின் விலையைக் கொடுக்கவில்லை. தோட்டக் கம்பெனிக்கு இன்ஷூரன்சும் வக்கீலும் உண்டு. அதைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டுவதில்லை.

நம் கவலை மின்பாதைக்கடியிலே கீரையும் வெண்டையும் பயிரிடுகிறவனைப் பற்றியது. தோட்டத்து வெளியில் மாடு மேய்க்கும் லயத்துக்காரனைப் பற்றியது. மண் அவனுடையதன்று. மாடு அவனுடையது. இரண்டு தலைமுறையாக அங்கேயே மேய்த்திருப்பான். அறுந்த கம்பி பட்டு மாடு செத்துவிட்டதென்று அவன் ஆபீசுக்குச் சென்று மனுக் கொடுத்தால், மேஜைக்கு அப்பாலிருப்பவர் கேட்கும் முதற் கேள்வி, நிலத்தின் கிராண்டு எங்கே என்பதுதான். செத்தது நிலமல்லவே என்று திருப்பிக் கேட்க அவனுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.