கறை எங்கே உளது?

கறுப்பு வெள்ளைப் பிலிமை வீட்டிலேயே கழுவும் பழக்கம், கைப்பேசியில் படமெடுக்கும் இக்காலத்தும் முற்றும் மறைந்துவிடவில்லை. உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்ட அரசு ஆலையின் ‘இந்து’ பிலிம் இப்பொழுது இல்லை. எனினும் பிறநாட்டுச் சுருளை வாங்கி, குளியலறையையே இருட்டறையாக்கிக் கொள்வோர் உளர். அவர்களுள் பலரும் ஒருநாள் காண்பது இது: காய்ந்த நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்தால் கோடு கோடாய்க் கறை. அது திருமணப் படமாயின், மணமகளின் முகத்தில் கோடு விழுந்ததே என்று பெரியவர்கள் கலங்குவர். கண்ணேறு என்பார் ஒருவர். வேளை சரியில்லை என்பார் மற்றொருவர். திரிசரணம் ஓதி மணம் முடித்த இல்லத்திலும் இப்பேச்சு எழுவதுண்டு. ஆதலின் இச்சிறு பொருளை ஈண்டு எடுத்துக்கொண்டோம்.

காரணமின்றிக் காரியமில்லை என்பது நம் தம்மத்தின் அடிப்படை. மணிமேகலையின் முப்பதாம் காதை பன்னிரு நிதானங்களை விரித்துரைப்பதும் இதன்பொருட்டே. ஆனால், பன்னிரு சார்புகளை வாயால் ஒப்பிப்பவன் கறை கண்டவுடன் கண்ணேறு என்பானாயின், அவன் கற்றது நாவளவே நின்றது.

கறையை உற்று நோக்கினால் அதுவே தன் காரணத்தைக் கூறும். கருங்கோடு படத்தின் எல்லையைக் கடந்து விளிம்புத் துளைகள் வரை சென்றிருப்பின், வெளிச்சம் புகுந்ததென அறியலாம். சுருளின் நீளவாட்டில் நூல் பிடித்தாற்போல் ஓடுவது மணல் துகளின் கீறல். அடர்ந்த பகுதியிலிருந்து மெலிந்த கோடு கீழிறங்கியிருப்பின், அது டெவலப்பரை அசைக்காமல் விட்டதன் பயன்: மருந்து வேலை செய்கையில் வெளிப்படும் புரோமைடு அவ்விடத்திலேயே தேங்கி, வழிந்த இடமெல்லாம் மருந்தின் ஆற்றலைத் தடுக்கிறது. இதற்கு அஞ்சி ஓயாது குலுக்கினாலோ, துளைகளின் வழியே மருந்து பாய்ந்து அவற்றின் ஓரம் மிகக் கறுத்துவிடும். முதல் அரை நிமிடம் தொடர்ந்தும், பின்னர் நிமிடத்துக்குப் பத்து வினாடியும் மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துதல் போதும். வீணைக் கயிற்றை உவமை கூறிய பகவானின் நடுவழி இங்கும் பொருந்துகிறது. வெப்பமும் ஒரு காரணம். 20 பாகைக்கு வகுத்த மருந்தை மும்பையின் மே மாத வெம்மையில் அப்படியே ஊற்றினால், ஐந்து நிமிடத்துக்குள் வேலை முடிந்து படம் திட்டுத்திட்டாகும். பாத்திரத்தைப் பனிக்கட்டி நீரில் வைத்துக் குளிர்விக்க வேண்டும்.

எல்லாம் காரணத்தால் விளைவதாயின் குற்றவாளி என ஒருவனும் இலனோ என்று வினவுவாருண்டு. நியாயமான வினாவே. பகவான் கருமம் என்றது மனத்தின் எண்ணத்தை. அசைக்க வேண்டுமென்று அறியாதவன் குற்றவாளியல்லன். அவனுக்குக் கற்பித்தலே முறை. அறிந்தும் சோம்பியிருந்துவிட்டு, வாடிக்கைக்காரரிடம் “உங்கள் பிலிம் கெட்டது” என்பவனோ குற்றவாளியே. கோட்டுக்காக அன்று, அந்தப் பொய்க்காக.

இப்பொய் நமக்குப் புதிதன்று. கறை கழுவுமுறையில் இல்லை, பிலிமிலேயே உளது என்பதுபோல், பிறவியிலேயே கறை உளதென்று நம் முன்னோரிடம் கூறப்பட்டது. முற்பிறப்பின் வினை என்று அதற்குக் காரணமும் காட்டப்பட்டது. அவ்வாறு பொருள்கொள்ளும் கருமக் கொள்கையை, 1957-இல் வெளிவந்த தம் நூலில் பாபாசாகேப் மறுத்துள்ளார். இது சோதித்தறியக் கூடியதே: அதே பெட்டியிலிருந்து மற்றொரு சுருளை எடுத்து நல்ல முறையில் கழுவிப் பார்க்கலாம். கறை இல்லையாயின் பிலிமின்மேல் பழி கூறியவன் வாயடைப்பான்.

நீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலர்ந்த துளியின் வட்டமும் வடிந்த தாரையும் நீரிற் கரைந்த சுண்ணாம்பாலும் உப்பாலும் விளைவன. மொண்டவர் எக்குலத்தவர் என்பதை நீர் அறியாது. 1927 மார்ச் 20-இல் மகாடில் பாபாசாகேப் சவதார் குளத்து நீரைப் பருகியபின், அதனைத் ‘தூய்மை’ செய்ய 108 குடம் பஞ்சகவ்வியம் ஊற்றினர். சாணம் கலந்தால் நீர் தெளியும் என்று நம்பியவர்களின் இரசாயனம் அது! அக்குளத்தின்மீது நம்மவர்க்குள்ள உரிமையைப் பம்பாய் உயர்நீதிமன்றம் 1937-இல் உறுதி செய்தது.

தாராவியின் பல சந்துகளில் இன்றும் குழாய்நீர் சில மணி நேரமே வரும். பீப்பாயில் பிடித்துவைத்ததே நாள் முழுதும். மும்பையின் ஏரிநீரில் சுண்ணாம்பு குறைவு. பீப்பாயின் துருவும் தூசியும், லாரியில் வரும் கிணற்றுநீரின் உப்புமே பிலிமில் படிகின்றன. ஒரு கறையின் காரணத்தைத் தேடிச் சென்றால் பீப்பாய்க்கும், பீப்பாயிலிருந்து குழாய்க்கும், குழாயிலிருந்து நகராட்சியின் நீர்ப்பங்கீட்டுக்கும் சென்று சேர்கிறோம். குடியிருப்பு சட்டவிரோதமானது என்பதற்காக மட்டும் குடிநீரை மறுத்தலாகாது என்று 2014 டிசம்பரில் அதே உயர்நீதிமன்றம் கூற வேண்டியிருந்தது. கண்ணேறு என்று நிறுத்திக்கொண்டவர் இத்துணைத் தொலைவு வரமாட்டார்.

பளபளப்பான பக்கத்துக் கறையை மீண்டும் நனைத்து அலசினால் பெரும்பாலும் நீங்கும். மருந்துப் பூச்சுள்ள பக்கத்தில் துளி உலர்ந்திருப்பின் பூச்சே வேறாக இறுகியிருக்கும். அதுவும் புரோமைடுக் கோடும் நீங்கா. அடுத்த சுருளுக்குப் பீப்பாய்நீரை ஓரிரவு தெளியவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டிப் பயன்படுத்துக. கடைசி அலசலுக்கு மட்டும் வாலைநீர் வேண்டும். ஒரு சுருளுக்கு 300 மில்லி போதும். ஈரத்தைக் கையால் வழிக்காமல், தூசியற்ற மூலையில், அடியில் கவ்வி மாட்டித் தொங்கவிடுக.