மதுமயக்கமும் சாரதியின் பொறுப்பும்

ஒருவன் செய்த தீங்கிற்கு அவனே பொறுப்பாளி என்று நாம் கொள்வது, அவன் அதனை அறிந்து செய்தான் என்பதுபற்றியாம். அறியாது செய்த குழந்தையையும் பித்தனையும் உலகம் ஒறுப்பதில்லை. அங்ஙனமாயின், மதுவருந்தி அறிவு மயங்கிய சாரதி ஒருவன் வீதியிற் செல்வாரை மோதிக் கொன்றவிடத்து, "யான் அப்போது என் வசத்தில் இருந்திலேன்" என்று அவன் கூறுவது தக்க சமாதானமாகுமா? அவன் இக்குற்றத்துக்காக முன்னரும் தண்டிக்கப்பட்டவனாயின், அவனை எவ்வாறு நடத்துதல் நீதியாகும்? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மாத்திரம் 2022ஆம் ஆண்டிலே, மதுவருந்திய சாரதிகள் சம்பந்தப்பட்ட விபத்துக்களில் 13,000இற்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆதலின் இவ்வினா ஏட்டளவில் நிற்கும் வினாவன்று.

மயக்கத்திற் செய்த குற்றம் பற்றிப் பண்டைக் கிரேக்கர் ஆழ்ந்து சிந்தித்தனர். மிற்றிலீன் நகரை ஆண்ட பித்தாக்கஸ் என்பவர், குடியாதவன் செய்த குற்றத்திலும் குடிவெறியிற் செய்த குற்றத்துக்கே மிகுந்த தண்டம் விதித்தனர். குடிவெறியிற் குற்றஞ் செய்தவனுக்குத் தண்டம் இரட்டிப்பாதலின் காரணத்தை அரிஸ்தோத்தில் தம் ஒழுக்க நூலிலே விளக்குகின்றார். குடியாதிருக்கும் வலிமை அவனிடத்தே இருந்தது. அவ்வலிமையைப் பயன்படுத்தாது குடித்தமையே பின் நேர்ந்த அறியாமைக்குக் காரணம். ஆகவே குற்றத்தின் தோற்றுவாய் அவனே என்பது அவர் கருத்து.

இக்கருத்தை இக்காலத்து உடனூலாரும் உறுதிசெய்கின்றனர். மதுவானது கைகாலைத் தளரச்செய்தற்கு முன்னரே, நன்று தீது ஆராயும் ஆற்றலை மழுக்கத் தொடங்குகின்றது. "எனக்கு ஒன்றுமில்லை, நான் நன்றாக ஓட்டுவேன்" என்று குடித்தவன் சொல்லும்போது, எந்த அறிவைக்கொண்டு அவன் தன்னை அளக்கின்றானோ அவ்வறிவே பழுதுபட்டிருக்கின்றது. கோணிய அளவுகோலாற் கோணலை அளத்தல் கூடுமோ? ஆதலின், வண்டியோட்டுவதா விடுவதா என்று தீர்மானித்தற்குரிய காலம் குடித்தபின் வருங் காலமன்று. முதற் கிண்ணத்தைத் தொடுமுன் உள்ள காலமாம். அவனுடைய பொறுப்பையும் அந்த வேளையிலேயே வைத்து நோக்குதல் வேண்டும்.

இங்ஙனம் நோக்குமிடத்து, முதன்முறை பிடிபட்டவனுக்கும் மீண்டும் பிடிபட்டவனுக்கும் உள்ள வேற்றுமை இனிது விளங்கும். முன்னையவன், தன்னை மது எவ்வளவிற் கெடுக்கும் என்பதைச் சரியாக உணர்ந்திலன் என்று ஓரளவு சொல்லலாம். பின்னையவனுக்கோ நீதிமன்றமே அதனை உணர்த்திவிட்டது. தன் இயல்பைத் தெளிந்த அறிவோடு அறிந்திருந்தும், வண்டித் திறப்பைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு அவன் குடிக்கப் புறப்படுகின்றான். ஆகவே இரண்டாங் குற்றம் முதற் குற்றம் இருமுறை நிகழ்ந்ததன்று. அது வேறு வகையைச் சேர்ந்த குற்றமாம்.

1980ஆம் ஆண்டு மே மாதம் 3ஆந் தேதி கலிபோர்ணியா மாகாணத்திலே வீதியோரமாக நடந்துசென்ற 13 வயதுச் சிறுமியொருத்தி, பின்னால் வந்த மோட்டார் வண்டியால் மோதுண்டு இறந்தனள். சாரதி நின்று பாராது சென்றுவிட்டான். அவன் மதுமயக்கத்தில் வண்டியோட்டியமைக்காக முன்னர்ப் பன்முறை பிடிபட்டவன். அத்தகைய இன்னொரு வழக்கிலே இரண்டு நாட்களுக்கு முன்னரே பிணையில் விடப்பட்டவன். சிறுமியின் தாயாராகிய காண்டி லைற்னர் அம்மையார் அவ்வாண்டிலேயே, இக்குற்றத்தை எதிர்க்கும் அன்னையர் சங்கம் ஒன்றைத் தாபித்தனர். "இவன் ஏன் கொன்றான்?" என்ற வினாவோடு அவ்வம்மையார் நின்றிலர். இவனை மீண்டும் மீண்டும் வீதிக்கு அனுப்பியவர் யாவர் என்றும் அவர் நாட்டாரைக் கேட்டனர். அவ்வினாவிற்கு விடை கூறுங் கடமை நீதிமன்றங்களையுஞ் சார்ந்தது.

யப்பான் தேசத்திலும் இவ்வினா எழுந்தது. 1999ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், குடிவெறியில் லொறியோட்டிய ஒருவன் பெருவீதியிலே ஒரு குடும்பத்தின் வண்டியை மோதினான். வண்டி தீப்பற்றியது, 3 வயதும் 1 வயதுமான இரு பெண் குழந்தைகள் எரிந்து மாண்டன. சாரதிக்குக் கிடைத்தது நான்கு ஆண்டுச் சிறை. என்னை? அக்காலத்துச் சட்டம் இதனைக் கவனக்குறைவு என்ற வகையிலே அடக்கியிருந்தது. பெற்றோர் நாடெங்கும் கையொப்பஞ் சேர்த்து முறையிட்டனர். 2001இல், பேரிடர் விளைக்குமாறு வண்டியோட்டி உயிர்ச்சேதஞ் செய்தல் தனிக்குற்றமாக வகுக்கப்பட்டது. 2007இலோ, சாரதிக்கு மது கொடுத்தவரும், வண்டி கொடுத்தவரும், அவன் நிலையை அறிந்தும் உடன் ஏறிச் சென்றவரும் தண்டத்துக்குரியர் எனச் சட்டம் விரிந்தது. குடிப்பவன் ஒருவனாயினும், அவன் சக்கரத்தைப் பற்றும்வரை பார்த்திருந்தவர் பலர் என்பதை அத்தேசத்தார் உணர்ந்தனர்.

அற்றேல், தண்டத்தைக் கடுமையாக்கினாற் போதுமோவெனின், போதாது. உயிர் போனபின் விதிக்குஞ் சிறை எத்துணை நீண்டதாயினும் இறந்தாரை மீட்பதில்லை. தண்டத்தின் கொடுமையிலும் அது தப்பாது வருமென்னும் உறுதியே குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலியராகிய பெக்காரியா 1764இல் வெளியிட்ட நூலில் வற்புறுத்தினார். தென் டக்கோட்டா மாகாணத்தார் 2005இல் தொடங்கிய முறை இதற்குச் சான்றாகும். அங்கே மீட்டுங் குற்றஞ் செய்தவர் நாடோறும் இருமுறை வந்து தம் மூச்சைச் சோதனைக்குக் கொடுத்தல் வேண்டும். மது காணப்படின் உடனே ஓரிரு நாள் மறியல். தண்டம் சிறிது, ஆயின் தப்புதல் அரிது. இம்முறையால், மீண்டும் பிடிபடுவோர் தொகை நூற்றுக்கு 12 அளவிற் குறைந்ததென ஆராய்ந்தோர் கண்டனர். மூச்சிலே மது உள்ளதாயின் வண்டியின் இயந்திரத்தை இயங்கவொட்டாது தடுக்குங் கருவியும் பல நாடுகளில் வழங்குகின்றது.

இனி, "குடி ஒரு நோயன்றோ? நோயாளியை ஒறுத்தல் அறமாகுமோ?" என்பார் உளர். நோயென்பது மெய்யே, மருத்துவம் அளித்தலும் கடமையே. ஆயினும், வலிப்பு நோய் அடங்கப்பெறாதவர் அந்நோய் தங் குற்றமன்றாயினும் வண்டியோட்டாது விலகி நிற்றல் வேண்டும் என்று நாம் சொல்லுகின்றோமல்லமோ? நோய் குடித்தற்குக் காரணமாகலாம். திறப்பை எடுத்தற்குக் காரணமாகாது.

இதனினும் வலிய தடை ஒன்றுண்டு. சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பறித்தால் அவன் மனைவி மக்கள் உணவுக்கு என்செய்வர் என்பதே அது. இவ்விரக்கம் பொய்யன்று. ஆயினும் அது யாரை நோக்கிப் பிறக்கின்றது என்பதை ஆராய்க. குற்றவாளி கைகட்டி நீதிமன்றில் நிற்கின்றான். அவன் முகம் தெரிகின்றது. அவன் பிள்ளைகளின் அழுகை கேட்கின்றது. நாளை அவன் வண்டியின்கீழ் இறக்கப்போகின்றவனுக்கு இன்று முகமில்லை. அவனுக்காக அழுவார் இன்னும் எவருமில்லை. காணப்படுவானுக்காக மாத்திரம் இரங்கும் இரக்கம் பாதி இரக்கமேயாம். வண்டியோட்டாத வேறு தொழிலை அவனுக்குத் தேடிக்கொடுப்பது முழு இரக்கம். திறப்பைத் திருப்பிக் கொடுப்பது அன்று.

பெரியபுராணத்தின் முகப்பிலே திருவாரூர் வீதியில் நிகழ்ந்த மரணம் ஒன்று சொல்லப்பட்டிருத்தல் யாவரும் அறிந்ததே. அரசிளங்குமரன் மதுவுண்டவனல்லன், கன்று தானே துள்ளித் தேர்க்காலிற் புகுந்தது. அமைச்சர் கழுவாய் கூறினர். மனுவேந்தனோ, தன் மகனுக்கொரு நீதி பிறனுக்கொரு நீதி உண்டோவென வினாவி, கன்றிழந்த பசுவின் துயரைத் தானும் அடைதலே தக்கதெனத் துணிந்தான். அவன் விதித்த தண்டத்தை இன்று பின்பற்றுக என்பார் இலர். பேச வாயில்லாத பசுவின் துயரைத் தன் துயரோடு ஒப்பவைத்து நிறுத்த அவன் நெஞ்சமே நீதிபதிகளுக்கு வேண்டுவதாம்.

இத்தகைய மரணங்களை "விதி" என்று சொல்லி அமைவாரும் நம்மிடையே உளர். வினைக்கொள்கை செய்தவனை விடுவிக்குங் கொள்கையன்று. செய்தவனோடு வினையைப் பிணிக்குங் கொள்கையாம். ஆசிரியர்காள்! மேல்வகுப்பு மாணவர் சில ஆண்டுகளில் அனுமதிப்பத்திரம் பெறுவர். குடியாமையே சிறந்தது என்பதை அவர்க்குப் போதிப்பதோடு அமையாது, குடித்த நண்பனிடமிருந்து திறப்பை வாங்கிவைத்தலும், அவன் வண்டியில் ஏற மறுத்தலும், முன் பிடிபட்டவனுக்குத் தம் வண்டியைக் கொடாமையும் நட்பின் கடமைகள் என்பதையும் வகுப்பிலே எடுத்துரைப்பீராக.