உபயமும் ஒளிவுமறைவும்



ஒருவர் நம்மிடம் ஒரு பொருளைப் புகழ்ந்து பேசுகிறார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அப்படிப் பேசுவதற்காக இன்னொருவரிடம் காசு வாங்கியிருக்கிறார். அதை மட்டும் நம்மிடம் சொல்லவில்லை. இவர் நம்மை ஏமாற்றியவரா, இல்லையா? சிறிய கேள்வி என்று தள்ளிவிடாதீர்கள். நுவரெலியாவிலும் ஹட்டனிலும் மலையிலிருந்து இறங்கி வந்து, மாலையில் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமரும் ஒவ்வொரு குடும்பத்தையும் பற்றிய கேள்வி இது.

நமது நாட்டில் 1979 ஏப்ரலில் சுயாதீன தொலைக்காட்சி தொடங்கியது. 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி வந்தது. அதன் பிரதான ஒளிபரப்பு நிலையம் நுவரெலியாவுக்கு மேலே பிதுருதலாகல மலையில் அமைந்தது. இன்றோ லயங்களின் தகரக் கூரைகளில் தட்டு அன்டெனாக்களைக் காண்கிறோம். கொழும்பும் சென்னையும் ஒரே நேரத்தில் நமது லயக் காம்பராவுக்குள் வந்து பேசுகின்றன. வந்து பேசுகிறவர் யார் பணத்தில் பேசுகிறார் என்று கேட்க நமக்கு உரிமை உண்டா?

பெயர் சொல்லிக் கொடுப்பவர்

விளம்பரம் தன்னளவில் தீமையானதன்று. சந்தையில் வியாபாரி தன் பொருளைக் கூவி விற்கிறான். இவன் வியாபாரி என்று அறிந்தே நாம் கேட்கிறோம். நிகழ்ச்சிக்கு இடையில் வரும் விளம்பரம் இத்தகையது. அனுசரணையும் நேர்மையாக இருக்க முடியும். திருவிழாவில் உபயகாரரின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். குழல்விளக்கின் மேல் ‘உபயம்’ என்று எழுதி வைக்கிறார்கள். எழுத்து பெரிதாகி வெளிச்சத்தையே மறைத்தாலொழிய யாரும் குறை சொல்வதில்லை.

இலங்கை வானொலியில் 1952 டிசம்பரில் அமீன் சயானி தொடங்கி நடத்திய புகழ்பெற்ற ஹிந்திப் பாடல் நிகழ்ச்சியின் பெயரே ‘பினாகா கீத் மாலா’. பினாகா என்பது பற்பசை. காசு கொடுத்தவர் யார் என்பது நிகழ்ச்சியின் நெற்றியிலேயே எழுதியிருந்தது. அமெரிக்க வானொலியில் சவர்க்காரக் கம்பனிகளின் செலவில் நடந்த குடும்பத் தொடர்களுக்கு ‘சோப் ஒபேரா’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

பெயர் சொல்லாமல் நுழைபவர்

மூன்றாவது வகை ஒன்று உண்டு. அதுவே நமது கேள்விக்குரியது. தொடர் நாடகத்தில் அம்மா தேநீர் ஊற்றுகிறாள். பால்மாப் பெட்டியின் பெயர் நம்மை நோக்கித் திரும்பியிருக்கிறது. கதாநாயகன் தாகத்துக்கு ஒரு போத்தலை எடுக்கிறான். கமரா அதன்மேல் சற்றே தங்கிச் செல்கிறது. சமையல் நிகழ்ச்சியில் ‘நான் வீட்டில் இதைத்தான் பாவிக்கிறேன்’ என்கிறார் ஒருவர். இவற்றிற்குப் பணம் கைமாறியிருக்கலாம், மாறாமலும் இருக்கலாம். நமக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் இந்த வியாபாரத்தின் பலம். விளம்பரம் என்று தெரிந்தால் மனம் சற்று எச்சரிக்கையாகிவிடும். கதை என்று எண்ணும்போது கதவு திறந்தே இருக்கும்.

இதில் உள்ள தவறு என்னவென்பதை மலையகத்தாருக்கு விளக்கப் பிற நாட்டு உதாரணம் வேண்டியதில்லை. நம் முன்னோரை அழைத்து வந்த கங்காணி அந்நியனாக வரவில்லை. ஊர்க்காரனாக, உறவுக்காரனாக, மாமன் மச்சான் முறை சொல்லித் திண்ணையில் அமர்ந்து பேசினான். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டிய கதையைப் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தக் கங்காணிக்கு வேலைக்கு வரும் ஆட்களின் தலையை எண்ணித் தோட்டம் காசு கொடுத்தது. தன் கடனைச் சுமக்கும் ‘துண்டு’ இல்லாமல் தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக முடியாதிருந்தது. 1921இல்தான் அந்தத் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. தேங்காய்க் கதை பொய். அது ஒருபுறம் இருக்கட்டும். கங்காணி சொன்னதெல்லாம் உண்மையாகவே இருந்திருந்தாலும், உறவின் குரலில் பேசிக்கொண்டே தலைக்காசு வாங்கினானே, அது நேர்மையா? கேட்டவன் அவனை உறவினன் என்று நம்பி முடிவெடுத்தான். தரகன் என்று அறிந்து முடிவெடுக்கவில்லை.

மறைமுக விளம்பரத்தின் குற்றமும் இதுவே. அது பொருளைப் பற்றிப் பொய் சொல்லாமல் இருக்கலாம்; பேசுபவரைப் பற்றிப் பொய் சொல்கிறது. தீர ஆலோசித்து முடிவெடுக்கும் நமது சுதந்திரத்தை, நாம் அறியாமலே குறைத்துவிடுகிறது. சமூகத் தொடர்புகளுக்கான திருப்பீட ஆலோசனை அவை 1997 பெப்ரவரியில் விளம்பர நெறி பற்றி வெளியிட்ட ஏட்டிலும், தாம் அசைக்கப்படுவதை மக்கள் முழுமையாக உணராதபடி நடக்கும் இத்தகைய விளம்பரம் தனியே சுட்டிக்காட்டப்பட்டிருக்கிறது.

ஆட்சேபங்கள்

‘நிஜ வீட்டிலும் பால்மாப் பெட்டி இருக்கிறதே, கதையில் இருந்தால் என்ன?’ என்பார்கள். இருக்கட்டும். இயல்பாக இருப்பதற்கும் காசுக்காக வைப்பதற்கும் வேறுபாடு உண்டு. அந்த வேறுபாட்டைப் பார்ப்பவருக்குச் சொன்னால் போதும். ‘எல்லாருக்கும் தெரிந்ததுதானே’ என்பது இன்னொரு வாதம். எல்லாருக்கும் தெரியுமானால் வெளிப்படையாகச் சொல்வதில் யாருக்கு என்ன நட்டம்? மேலும், ஆறு வயதுப் பிள்ளைக்கு எது கதை, எது வியாபாரம் என்று தெரியாது.

‘அனுசரணை இல்லாவிட்டால் நிகழ்ச்சியே இல்லை’ என்பது பாரமான வாதம். மறுக்க முடியாது. ஆனால் செலவுக்குப் பணம் வேண்டும் என்பது வேறு. பணம் வந்த வழியை மறைக்க வேண்டும் என்பது வேறு. மறைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பாடம் உண்டு. 1950களில் ஒரு டொனிக் மருந்தின் அனுசரணையில் ‘ட்வென்டி ஒன்’ என்ற அறிவுப் போட்டி நடந்தது. விறுவிறுப்புக் குறையாதிருக்க விடைகள் முன்கூட்டியே கொடுக்கப்பட்டன. நாடே மெச்சிய சார்ல்ஸ் வான் டோரன் 1959 நவம்பரில் காங்கிரஸ் விசாரணைக் குழுவின் முன் அதை ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டே இத்தகைய மோசடி சட்டப்படி குற்றமாக்கப்பட்டது. பார்த்தவர்களின் சட்டைப்பையிலிருந்து ஒரு சதமும் போகவில்லை. ஆயினும் தாங்கள் திருடப்பட்டதாகவே அவர்கள் உணர்ந்தார்கள்.

விதிகள் சொல்வது

இந்தியாவில் 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகள், விளம்பரம் நிகழ்ச்சியிலிருந்து தெளிவாகப் பிரித்தறியத்தக்கதாக இருக்க வேண்டும் என்கின்றன. பிரித்தானியா 2011 பெப்ரவரி 28 முதல், நிகழ்ச்சிக்குள் பொருள் வைப்பதை நிபந்தனையோடு அனுமதித்தது: ‘பி’ என்ற எழுத்துச் சின்னம் திரையில் தோன்ற வேண்டும், செய்தியிலும் சிறுவர் நிகழ்ச்சியிலும் கூடாது, மது, புகையிலை, குழந்தைப் பால்மா ஆகியவற்றை வைக்கவே கூடாது.

நமது நாட்டில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மது, புகையிலை விளம்பரத்தையும் அனுசரணையையும் தடைசெய்கிறது. படத்தில் சிகரெட் வரும்போது அந்த இடம் மங்கலாக்கப்படுவதைத் தினமும் பார்க்கிறோம். கதைக்குள் காட்டினாலும் அது மனத்தில் விற்பனையாகும் என்று இங்கே ஏற்றுக்கொண்டாயிற்று. சிகரெட்டுக்கு உண்மையானது மற்றப் பொருள்களுக்கும் உண்மையல்லவா? மற்றவற்றை மங்கலாக்க வேண்டாம். காசு வாங்கிக் காட்டினோம் என்று ஒரு வரி எழுதினால் போதும். அதே வேளையில், விதி செய்யும் அதிகாரம் ஆட்சியாளரின் கைக்கயிறாகிவிடவும் கூடாது. 1997இல் ஒலி, ஒளிபரப்பு அதிகாரசபைக்கான சட்டமூலத்தை அரசியலமைப்புக்கு முரணானது என்று நமது உயர் நீதிமன்றம் தீர்த்ததை மறக்கலாகாது.

நமது கடமை

ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் 2021 மார்ச்சில்தான், நீண்ட போராட்டத்திற்குப் பின், வர்த்தமானியில் வந்தது. அப்படி வரும் காசில் எது அவசியம், எது ஆசை என்று தீர்மானிப்பது தாயின் அன்றாடப் பாரம். தொழுவத்துப் பசுவின் பாலைச் சேகரிப்பு நிலையத்திற்கு ஊற்றிவிட்டு, அந்தக் காசில் பிள்ளைக்குப் பால்மாப் பெட்டி வாங்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. அது தவறான தெரிவு என்று நாம் சொல்லவில்லை. அதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் அது அவளுடைய தெரிவாக இருக்க வேண்டும். அவள் அறியாமல் வேறொருவர் அவளுக்காகச் செய்த தெரிவாக இருக்கக் கூடாது.

ஆகவே பெற்றோரே, பெட்டியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள். திரையில் ஒரு பொருள் பளபளத்தால், ‘இதற்கு யார் காசு கொடுத்திருப்பார்கள்?’ என்று அவர்களையே கேளுங்கள். கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளை உற்றுப் பார்க்கிறோம். கழிவு எவ்வளவு, ஏன் என்று கேட்கிறோம். மாலையில் நம் வீட்டுக்குள் வந்து பேசுகிறவரிடமும் அதே கணக்கைக் கேட்போமாக.