பார்வையும் நிரூபணமும்

தனக்குப் பார்வை போய்விட்டது என்று ஒருவர் சொல்லும்போது நாம் அதை எந்த ஆதாரத்தில் ஏற்கிறோம்? முழுக்க இருண்டுபோன கண்ணைப் பற்றி இந்தக் கேள்வி எழுவதில்லை. கையிலுள்ள கோலும் தடவி வைக்கிற அடியும் நமக்குப் பழகிய குறிகள், கண்டதும் வழிவிடுகிறோம். சிக்கலெல்லாம் பாதி போனவர்களிடம். முதுமையில் பார்வை இழப்பவர்களில் மிகப் பலர் இந்தப் பாதியில்தான் வாழ்கிறார்கள்.

என் பெரியப்பாவுக்கு எழுபதைத் தாண்டியபின் விழித்திரையின் நடுப்பகுதி சிதைந்துவிட்டது. கூடத்தில் கிடக்கும் நாற்காலியை இடிக்காமல் சுற்றிப் போவார். தரையில் விழுந்த சாவியை ஓரக்கண்ணால் கண்டு எடுத்துவிடுவார். எதிரே நிற்கும் மருமகளின் முகம் மட்டும் தெரியாது. 'வேண்டியது தெரிகிறது, வேண்டாதது தெரியவில்லை' என்றார்கள் வீட்டில். தெருவில் வணக்கம் சொல்லிப் பதில் கிடைக்காதவர்கள் தலைக்கனம் என்றார்கள்.

விஷயம் எளிமையானது. விழித்திரையின் மையத்தில் சுமார் 1.5 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு குழிவில்தான் கூர்மையான பார்வை இருக்கிறது. எழுத்து, ஊசியின் காது, மனித முகம் எல்லாம் அந்தச் சிறு பரப்பின் பொறுப்பு. சுற்றியுள்ள பரப்பு அசைவையும் வழியையும் பார்த்துக்கொள்கிறது. மையம் அழிந்தால் பாதை மிஞ்சும், முகம் போய்விடும். கண்ணை எங்கே திருப்பினாலும் அந்த அழிவும் கூடவே திரும்புவதால், எதைப் பார்க்க விரும்புகிறாரோ சரியாக அதுவே மறைகிறது. அதைப் பார்க்க அவர் சற்று விலகிப் பார்க்க வேண்டும். பேசுகிறவனின் காதுக்கு அருகே எங்கோ நோக்குகிறார். நம் நீதியிலோ முகத்தை நேராகப் பார்க்காதவன் எதையோ மறைப்பவன். பார்ப்பதற்காக அவர் செய்யும் முயற்சியே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது.

கண் நீரழுத்த நோயில் இது தலைகீழ். ஓரங்கள் முதலில் போகும். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் எழுந்ததும் காலடிச் செம்பில் தடுக்கி விழுகிறார். அவரையும் யாரும் நம்புவதில்லை. சிலவகைப் புரையில் உச்சி வெயிலில் தெரியாதது அந்தியில் தெரிகிறது. இழப்பு என்றால் அது ஒரே சீராக இருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். உடல் அப்படி ஒப்பந்தம் எதுவும் செய்துகொள்ளவில்லை.

அரசாங்கத்துக்கு ஒரு கோடு தேவை. இந்தியாவில் 2017 வரை நல்ல கண்ணில் 6/60க்குக் குறைந்த பார்வை குருட்டுத்தன்மை எனக் கணக்கிடப்பட்டது. அந்த ஆண்டு அளவு 3/60 ஆயிற்று. இரண்டுக்கும் நடுவில் இருந்தவர், கண்ணில் எந்த மாற்றமும் இல்லாமலே, அந்தக் கணக்கிலிருந்து வெளியே வந்துவிட்டார். கணக்கெடுப்பின் நியாயம் வேறு. அதனோடு எனக்கு வழக்கில்லை. அதே கோட்டை வீட்டுக் கூடத்திலும் போட்டு, விரல்களை நீட்டி 'இது எத்தனை?' என்று கேட்கிறோமே, அதைத்தான் கேள்விக்குள்ளாக்குகிறேன்.

தத்துவமும் முழு இருளைத்தான் விரும்பியிருக்கிறது. டெகார்த் 1637இல் ஒளியியல் பற்றி எழுதும்போது குருடனின் கோலை உதாரணம் காட்டினார். மெர்லோ-பாந்தி 1945இல் அதே கோலை எடுத்து, பழகியபின் அது ஒரு பொருளாக இராமல் ஸ்பரிசத்தின் நீட்சியாகிவிடுகிறது என்றார். பாதி தெரிகிற கிழவரிடம் கோல் இல்லை. வீடே அவருக்குக் கோல். டம்ளர் இருக்கும் இடம், கொல்லைக்குப் போகும் எட்டு அடி, கொடியில் துண்டு தொங்கும் பக்கம், எல்லாம் அவர் உடம்பின் நீட்சி. சுத்தம் செய்கிற உற்சாகத்தில் ஒருவர் டம்ளரை இடம் மாற்றும்போது அவருடைய கோலை முறித்துப் போடுகிறார்.

ஜெனீவாவைச் சேர்ந்த ஷார்ல் பொன்னே 1760இல் தன் புத்தகத்தில் தாய்வழித் தாத்தா ஷார்ல் லுல்லினைப் பற்றி எழுதினார். எண்பத்தொன்பது வயதில், புரையால் கெட்ட கண்களோடு, இல்லாத மனிதர்களையும் பறவைகளையும் கட்டடங்களையும் அவர் பார்த்தார். அவை நிஜமல்ல என்பதும் அவருக்குத் தெரியும். பேரனுக்கு அந்தப் பறவைகளில் ஒன்றுகூடத் தெரிந்திருக்காது. தாத்தாவின் வார்த்தை மட்டுமே கையில் இருந்தது. அதைப் பைத்தியம் என்று தள்ளாமல் குறித்துவைத்தார். மருத்துவ வரலாறு இதை ஒரு நோய்க்குறிப்பாகப் படிக்கிறது. நான் இதை நம்பிக்கையின் ஒரு செயலாகப் படிக்கிறேன். பிறர் பார்வைக்குள் நாம் புகுந்து சரிபார்க்க முடியாது. சொல்கிறவரை ஏற்பதைத் தவிர அங்கே போக வேறு வாசல் இல்லை.

நடிப்பவர்களே இல்லையா என்று கேட்கலாம். இருக்கலாம். ஏமாந்தால் நமக்கு நஷ்டம், ஒரு கடிதத்தைப் படித்துக் காட்டியது, ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுத்தது. நம்பாமற்போனால் ஏற்படும் நஷ்டம் வேறு விதம். அவர் சொல்வதை நிறுத்திவிடுகிறார். பேப்பரை விரித்து வைத்துக்கொள்கிறார். வந்தவன் யாரென்று தெரியாமலே 'வாப்பா, சௌக்கியமா?' என்கிறார். குறைவாகத் தெரிவதாக நடிக்கிறார் என்று நாம் சந்தேகித்த மனிதர், தெரிவதாக நடிக்கத் தொடங்குகிறார். அந்த நடிப்பை நாம் சந்தேகிப்பதே இல்லை; நமக்கு அது சௌகரியம்.

வருகிறவன் தன் பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் போதும். அதற்கு நிரூபணம் எதுவும் தேவையில்லை.