எந்த பாத்திமா?

உடன்குடியில் பாத்திமா என்று மொட்டையாகச் சொன்னால் ஆள் பிடிபடாது. "எந்த பாத்திமா?" என்று உடனே கேட்பார்கள். மளிகைக்கடைப் பற்று நோட்டில்கூட கருப்பட்டிக்கடை பாத்திமா, பள்ளிவாசல் தெரு பாத்திமா, மணப்பாட்டு பாத்திமா, டெய்லர் பாத்திமா என்று அடைமொழி சேர்த்தே எழுதியிருக்கும். இவர்களில் ஒருவர் ஐந்து வேளை தொழுகிறவர், இன்னொருவர் ஞாயிறு பூசைக்குப் போகிறவர். கடைக்காரருக்கு அந்த வித்தியாசம் தெரியும். ஆனால் யார் பாக்கி எவ்வளவு என்பதுதான் அவர் நோட்டில் ஏறும்.

நான் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவன். வருகைப் பதிவேட்டை விரித்துப் பெயர் கூப்பிட்டால் செய்யது அலி பாத்திமா, ஜன்னத் பாத்திமா, பாத்திமா மேரி என்று வரிசையாக வரும். பாத்திமா ராஜ் என்றும் வரும். அது பையன் பெயர். பிள்ளைகள் இதில் எந்த வியப்பும் காட்டியதில்லை. இந்தப் பெயர் எந்தெந்த வழியாக எங்கள் ஊருக்கு வந்தது என்று விசாரிக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு வியப்பு வந்தது. அதோடு ஒரு கேள்வியும் வந்து ஒட்டிக்கொண்டது. பெயரைக் கேட்ட மாத்திரத்தில் ஒருவரைப் பற்றி எவ்வளவோ தெரிந்துவிட்டதாக நினைக்கிறோமே, அந்த நினைப்புக்கு நமக்கு என்ன உரிமை?

முதல் வழி எல்லோருக்கும் தெரிந்தது. பாத்திமா நபிகளாரின் மகள், அலியின் மனைவி, ஹசன், ஹுசைனின் தாய். பால்குடி மறத்தல் என்ற பொருள் தரும் அரபு வேரிலிருந்து வந்த பெயர் இது என்பார்கள். தாயை விட்டுத் தன் காலில் நிற்கத் தொடங்கிய பிள்ளையின் பெயர் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். கெய்ரோவை உருவாக்கிய பாத்திமிய அரச மரபு தன்னை இந்தப் பெண்ணின் வம்சம் என்று சொல்லித்தான் ஆட்சி செய்தது. எட்டையபுரத்தோடு பெயர் சேர்ந்த உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் பாத்திமாவின் திருமணத்துக்கு ஒரு படலமே ஒதுக்கினார். இன்றும் எங்கள் பக்கத்து நிக்காஹ் மேடையில் ஓதும் துஆவில், ஆதம் - ஹவ்வா தொடங்கி அலி - பாத்திமா வரை தம்பதிகளின் பெயர்களைச் சொல்லி, அவர்களைப் போல இந்த இருவரையும் சேர்த்துவை என்று கேட்பார்கள். மணப்பெண்ணின் பெயரே பாத்திமாவாக இருக்கும் கல்யாணங்களில் அந்த இடம் வரும்போது பெண்கள் பக்கம் ஒரு சின்னச் சலசலப்பு எழும்.

எனக்கு இந்த பாத்திமாவிடம் மிகவும் பிடித்தது வேறொரு செய்தி. திரிகை சுற்றிச் சுற்றிக் கை காய்த்துப்போய், வேலைக்கு ஒரு ஆள் தரச்சொல்லி அவர் தகப்பனாரிடம் கேட்கப் போனார் என்று ஹதீஸ் சொல்கிறது. ஆள் கிடைக்கவில்லை. தூங்கப் போகும்போது சொல்லிக்கொள் என்று நபிகள் மூன்று சொற்களைக் கற்றுக்கொடுத்தார்: சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34. தஸ்பீஹ் பாத்திமா என்பது இதுதான். எங்கள் தெருவில் வயதான பெண்கள் திண்ணையில் சாய்ந்தபடி, கட்டைவிரல் நுனியால் மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவதைப் பார்த்திருக்கிறேன். உதடு அசையும், சத்தம் வராது. தேரிக்காட்டு விடிலியில் நாள் முழுக்கப் பதநீர் காய்ச்சி, கொதிக்கும் பாகைச் சிரட்டையில் ஊற்றும் பெண்களின் கைகளும் திரிகை சுற்றிய அந்தக் கைகளைப் போலத்தான் இருக்கும். அவர்களில் பலர் முத்தாரம்மனைக் கும்பிடுகிறவர்கள். இந்தக் கதையைச் சொன்னால் அவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

இரண்டாவது வழி இந்தக் கரையிலேயே பிறந்தது. கடற்கரைச் சாலையில் உவரியைத் தாண்டிப் போனால், நம்பியாறு கடலில் சேரும் இடத்தில் ஆத்தங்கரைப் பள்ளிவாசல் இருக்கிறது. அங்கே அடங்கியிருக்கும் இறைநேசர்களில் ஒருவர் பெண்: செய்யது அலி பாத்திமா. நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் இந்த முழுப்பெயரோடு எத்தனையோ பெண்களைப் பார்க்கலாம். நேர்ந்துகொண்டு பிறந்த பிள்ளை என்றால் இந்தப் பெயர்தான். அந்தத் தர்காவுக்கு இந்துக்களும் கிறிஸ்தவர்களும் போவார்கள். ஆக, எங்கள் செய்யது அலி பாத்திமாக்களில் பலருக்குப் பெயர் மதீனாவிலிருந்து நேராக வரவில்லை, நம்பியாற்று மணலில் இறங்கி வந்திருக்கிறது.

பிறகு பாட்டி பெயரை வைக்கும் வழக்கம். மாமியார் பெயரை மகளுக்கு வைத்துவிட்டு, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாய் வராமல் கனி, செல்லம் என்று கூப்பிட்டே வளர்த்த தாய்மார் எங்கள் ஊரில் நிறைய. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நாளில்தான் தன் பெயர் பாத்திமா என்று பிள்ளைக்கே தெரியவரும். பழைய தலைமுறையில் பாத்திமுத்து என்ற வடிவமும் உண்டு. முத்துக்குளித்த கரையில் அரபுப் பெயரோடு முத்தைச் சேர்த்துக் கட்டியவர்களின் ரசனையை நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது. இன்றைய பெற்றோர் அதைப் பட்டிக்காட்டுப் பெயர் என்று ஒதுக்கி, ஆய்த எழுத்துப் போட்டு ஃபாத்திமா என்று அரபு உச்சரிப்புக்கு நெருக்கமாக எழுதுகிறார்கள். அவர்கள் விருப்பம். ஆனாலும் பாத்திமுத்து வழக்கொழிந்து போவது எனக்கு வருத்தம்தான். உலகத்தில் வேறெங்கும் உண்டாகியிருக்க முடியாத பெயர் அது.

மூன்றாவது வழிக்குக் கடல் கடக்க வேண்டும். போர்த்துகல் நாட்டில் பாத்திமா என்று ஒரு கிராமம். 1917 மே 13 அன்று லூசியா, பிரான்சிஸ்கோ, ஜசிந்தா என்ற மூன்று சிறுபிள்ளைகள் ஆடு மேய்க்கும்போது மாதாவைக் கண்டதாகச் சொன்னார்கள். அக்டோபர் வரை காட்சி தொடர்ந்தது. 1930இல் அந்த மறைமாவட்ட ஆயர் அதை நம்பத்தக்கது என்று ஏற்றார். அதற்குப் பிறகு லூர்து என்ற பெயர் பரவியது போலவே பாத்திமாவும் கத்தோலிக்க உலகமெங்கும் பரவியது. மணப்பாடு, ஆலந்தலை, புன்னைக்காயல் பக்கத்துப் பரதவர் வீடுகளுக்கும் வந்தது. மதுரையில் 1953இல் கன்னியாஸ்திரிகள் தொடங்கிய பெண்கள் கல்லூரிக்கு பாத்திமா என்று பெயர் வந்ததும் இந்த வழியில்தான்.

சரி, ஒரு போர்த்துகீசியக் கிராமத்துக்கு அரபுப் பெயர் எப்படி வந்தது? 711இல் முஸ்லிம் படைகள் ஐபீரியாவுக்குள் நுழைந்தன. அதன் பின் சில நூற்றாண்டுகள் அந்த மண்ணில் அரபு பேசும் ஆட்சி நடந்தது. ஆட்சி போன பின்னும் ஊர்ப்பெயர்கள் தங்கிவிட்டன. பாத்திமா என்ற முஸ்லிம் இளவரசியைக் கிறிஸ்தவ வீரன் ஒருவன் சிறைபிடித்து, ஞானஸ்நானம் கொடுத்து மணந்துகொண்டான், அவள் பெயரே ஊருக்கு ஆயிற்று என்று அங்கே கதை சொல்வார்கள். கதையின் உண்மை பொய் எப்படியோ, நபியின் மகள் பெயர் மாதாவின் பெயருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது உண்மை.

அந்த இரு பெயர்களும் வேறோர் இடத்திலும் சேர்ந்திருக்கின்றன. ஹஜ்ஜுக்குப் போய் வருகிறவர்கள் மரியம் பூ என்று ஒன்று கொண்டுவருவார்கள். காய்ந்து சுருண்டு, மூடிய கைப்பிடி மாதிரி இருக்கும் பாலைவனச் செடி. பிரசவ வேதனை தொடங்கியதும் அதைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவைப்பது வழக்கம். கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து கிண்ணத்தை நிறைக்கும். அரபியில் அதற்கு மர்யமின் கை என்று ஒரு பெயர், பாத்திமாவின் கை என்று இன்னொரு பெயர். மலேசியாவில் பெண்களுக்குக் கொடுக்கும் ஒரு மூலிகைக்கும் காச்சிப் பாத்திமா என்றே பெயர். பிள்ளை பெறுகிறவளுக்குத் துணையாக யாரைக் கூப்பிடுவது என்று வந்தபோது பெண்கள் இந்த இருவரையும் ஒன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் இந்தக் கரையின் பழைய கதை இவ்வளவு இனிமையானதல்ல. 1530களில் முத்துச் சலாபத்தை ஒட்டிப் பரதவருக்கும் காயல் முஸ்லிம்களுக்கும் பகை முற்றி உயிர்ச்சேதம் வரை போனது. பாதுகாப்புக் கேட்டுப் போர்த்துகீசியரிடம் போன பரதவர்கள் 1535க்கும் 1537க்கும் இடையில் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542இல் சவேரியார் வந்தார். அவர் தங்கியதாகச் சொல்லும் குகை மணப்பாட்டில் இன்றும் இருக்கிறது. போர்த்துகீசியர் இங்குள்ள முஸ்லிம்களை மூர்கள் என்றே அழைத்தார்கள். தங்கள் நாட்டில் தங்கள் முன்னோர் போரிட்ட அரபு ஆட்சியாளர்களுக்கு வைத்திருந்த பெயரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து, தமிழ் பேசும் காயல்காரர்களின் மேல் இறக்கிவைத்தார்கள். அந்தப் பகையில் தோணிகளும் உயிர்களும் போயின. பிற்காலத்தில், ஆங்கிலேயர் நடத்திய முத்துக்குளிப்பில் பரதவரும் முஸ்லிம்களும் ஒரே முத்துப்பாரில் மூழ்கிச் சிப்பி எடுத்தார்கள். 1961க்குப் பிறகு தூத்துக்குடியில் அந்தத் தொழிலே நின்றுபோயிற்று. ஒரு காலத்தில் எதிரெதிரே நின்ற இரு கூட்டத்தின் வீடுகளிலும் இன்று பெண்பிள்ளைக்கு ஒரே பெயர். பாத்திமா பர்னாந்து என்று ஒரு பெண் இருந்தால், அரபுப் பெயரும் போர்த்துகீசியக் குடும்பப் பெயரும் கொண்ட தமிழச்சி அவர். இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை.

இதையெல்லாம் வியந்து பேசிவிட்டுப் போயிருப்பேன். என்னிடம் படித்த பெண் ஒருத்தி சொன்னதைக் கேட்ட பிறகு அப்படிப் போக முடியவில்லை. கடற்கரை ஊர்க் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. வேலை கிடைத்து ஒரு பெருநகரத்துக்குப் போனாள். வாடகைக்கு வீடு தேடும்போது ஒரு வீட்டுக்காரரோடு போனில் எல்லாம் பேசி முடித்தாயிற்று. முன்பணம், தண்ணீர், வண்டி நிறுத்த இடம் எல்லாம். கடைசியில் பெயர் கேட்டார். பாத்திமா என்றாள். கொஞ்ச நேரம் மௌனம். "சொந்தக்காரங்க வர்றாங்கம்மா, வீடு இப்ப இல்ல" என்று வைத்துவிட்டார். இடையில் இருந்த தரகர் அவரிடம், "அவங்க கிறிஸ்டியன் சார், மேரின்னு பின்னால வரும்" என்று எடுத்துச் சொல்லியிருக்கிறார். மறுநாளே வீட்டுக்காரர் கூப்பிட்டார், வீடு இருக்கிறது, வந்து சாவி வாங்கிக்கொள்ளலாம் என்று.

அவள் போகவில்லை. ஊருக்கு வந்தபோது என்னிடம் சொன்னாள்: "தப்பா நினைச்சதுக்கு எனக்குக் கோவமில்ல சார். நான் அவங்க இல்லன்னு சொன்னாத்தான் வீடுன்னா, என்கூடப் படிச்ச செய்யது அலி பாத்திமா எங்க போவா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இந்தியாவின் உச்ச நீதிமன்றத்துக்கு முதல் பெண் நீதிபதியாக 1989இல் போனவர் பெயரும் பாத்திமாதான். 1997 முதல் 2001 வரை நம் மாநிலத்தின் ஆளுநராக இருந்த பாத்திமா பீவி. ஒரு மாநிலத்தின் முதல் குடிமகளாக ஏற்ற பெயரை, மாடிப் போர்ஷனுக்கு ஏற்க மறுப்பது என்ன நியாயம்?

இதைச் சொல்லும்போது சிலர், பெயர் குழப்பமாக இருப்பதால் வந்த வினை என்பார்கள். கிறிஸ்தவ வீடுகளிலேயே, பிள்ளைக்கு இந்தப் பெயர் வேண்டாம், பிற்காலத்தில் தொந்தரவு என்று பெரியவர்கள் யோசனை சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு இது சரியாகப் படவில்லை. பயந்துபோய் ஒரு கூட்டம் பெயரைக் கைவிட்டால், மிஞ்சியிருப்பவர்களின் மேல் அந்தப் பெயர் அடையாள முத்திரையாக இன்னும் ஆழமாக விழும். இரண்டு கூட்டமும் சேர்ந்து வைத்திருக்கும் வரைதான், பெயரைக் கேட்டதும் தீர்ப்புச் சொல்லிவிட நினைக்கிறவர் ஒரு நொடி தயங்குவார். அந்தத் தயக்கம் வேண்டும். பிள்ளைக்குப் பெயர் தேடும் வீட்டாரிடம் நான் இதைத்தான் சொல்கிறேன்: மனசுக்குப் பிடித்திருந்தால் வையுங்கள், ஊரார் நினைப்புக்காக மாற்றாதீர்கள்.

பெயரைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று நான் சொல்லவரவில்லை. கேளுங்கள். யார் வைத்த பெயர், பாட்டி பெயரா, நேர்ந்துகொண்டதா, மே மாதத்தில் பிறந்தவளா என்று கேளுங்கள். எங்கள் ஊரில் இப்படிக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார்கள், காப்பியும் வரும். அந்தப் பேச்சில் மதமும் தெரியவரும். அப்போது அது அந்த ஆளைப் பற்றித் தெரிந்த பல விஷயங்களில் ஒன்றாக இருக்கும்.

உங்கள் வீட்டு மாடி காலியாக இருந்து, பாத்திமா என்று ஒரு பெண் கேட்டு வந்தால், எந்த பாத்திமா என்று தரகரிடம் விசாரிக்க வேண்டாம். வாடகை எவ்வளவு, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், கேட்டை எப்போது பூட்டுவீர்கள் என்று சொல்லிவிட்டு, வீட்டைத் திறந்து காட்டுங்கள்.