பெயரும் அதைச் சுமக்கும் பொருளும்

பெயர் பொருளைத் தீண்டுவதில்லை என்னும் எண்ணம் இந்தியச் சிந்தனையில் ஆழ வேரோடியது. சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்கு, மட்கலங்களின் வேறுபாடு பேச்சில் பிறந்த பெயரே என்றும் மண் ஒன்றே மெய் என்றும் உணர்த்துகிறார். பௌத்த நூலான மிலிந்த பஞ்ஞாவில் துறவி நாகசேனரோ, தேர் என்பது சக்கரத்திலோ அச்சிலோ தனித்து இல்லை, அது வழக்கில் வந்த பெயர் மட்டுமே என்று மன்னனுக்கு விளக்குகிறார். இரண்டு உரையாடல்களிலும் பெயர் எடையற்றது. ஆனால் அதே பெயர் மையாகவும் பசையாகவும் பொருளின்மேல் ஏறும்போது என்ன நேர்கிறது என்பதற்கு, ஒருமுறை மட்டும் பதியத்தக்க குறுந்தகடு தெளிவான சான்று.

இத்தகட்டின் தடிமன் ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர், அதில் பெரும்பகுதி பாலிகார்பனேட் என்னும் ஒளிபுகும் நெகிழி. அதன்மேல் லேசர் ஒளியால் தகவல் பதியும் சாயப் படலமும், அந்த ஒளியைத் திருப்பி அனுப்பும் வெள்ளி அல்லது பொன் படலமும், இவற்றைக் காக்க மிக மெல்லிய அரக்குப் பூச்சும் அமைகின்றன. பளபளக்கும் அடிப்பக்கத்தையே பலரும் அஞ்சிக் காக்கின்றனர். உண்மையில் தகவலுக்கு மிக அருகில் இருப்பது பெயர் எழுதப்படும் மேற்பக்கமே. கரைப்பான் கலந்த மை அரக்கை ஊடுருவி உலோகத்தையும் சாயத்தையும் கெடுக்கக்கூடும்; பந்துமுனைப் பேனாவின் அழுத்தம் படலத்தை நசுக்கிவிடும். ஒட்டுத்தாள் இவற்றிலும் கொடியது: அது மையம் விலகி ஒட்டப்பட்டால் விரைந்து சுழலும் தகடு சமநிலை இழக்கிறது, பின்னர் உரித்தெடுக்க முயன்றால் உலோகப் படலமும் தாளோடு பெயர்ந்து வரக்கூடும். இரண்டு நெகிழித் தகடுகளுக்கு நடுவே தகவலைப் பொதிந்துவைக்கும் டிவிடிக்கு இந்த இடர் குறைவு.

ஆகவே பெயரிடுதல் பொருளின் ஆயுளில் கைவைக்கும் செயலாகிறது. பெயரிடுபவருக்கு அதனால் ஒரு கடமையும் வந்துசேர்கிறது. பெயரே இல்லாமல் விட்டுவிடுவதும் அக்கடமையிலிருந்து தப்பும் வழியாகாது. ஏனெனில் அடையாளமற்ற தகடு பழுதின்றி இருந்தும் எவராலும் தேடப்படாமல், அழிந்ததற்கு நிகராகக் கிடக்கும். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தின் ஃபிரெட் பயர்ஸ் 2003இல் எழுதிய பராமரிப்புக் கையேடு, கரைப்பானற்ற மை கொண்ட மென்முனைப் பேனாவைப் பரிந்துரைக்கிறது. தகட்டின் நடுத்துளையைச் சுற்றியுள்ள தெளிந்த வளையத்தில் சாயமும் இல்லை, உலோகமும் இல்லை. அங்கே ஓர் எண்ணை மட்டும் எழுதி, முழு விவரத்தைப் பதிவேட்டில் வைப்பதே தகும். எண்ணும் பதிவேடும் பிரிந்துபோகும் நாளுக்காக, அவ்விவரத்தைத் தகட்டின் முதற்கோப்பாகவும் பதிந்து வைக்கலாம். அப்போது பெயரும் தகவலும் ஒரே சாயத்தில், உத்தாலகரின் மண்ணும் கலமும் போல, வேறுபாடின்றித் தங்குகின்றன.